அக்கா போட்ட மனு

(மன்னார்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் பெரும்பாலும் கோயிலையும் கல்வெட்டையும் இலக்கியத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். ராஜகோபாலசுவாமி கோயில் மதிலழகையும் ஹரித்ராநதியையும் பற்றிச் சொல்லத் தகுதியானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சான்றிதழ், பதிவேடு, மனு இவைதான் எனக்குத் தெரிந்த உலகம். ஆகவே, நம் ஊர் வீடுகளின் பீரோவில் பட்டாவுக்கும் கிரயப் பத்திரத்துக்கும் நடுவே மடித்து வைத்திருக்கும் ஒரு தாளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அக்காவோ அண்ணனோ, இங்கே இருக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் போட்ட குடியேற்ற மனுவின் ரசீது அது.

‘அக்கா பெட்டிஷன் போட்டிருக்கு’, ‘டேட் இன்னும் கரண்ட் ஆகலை’. கல்யாண மண்டபப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் சொல்லிக் கேட்கலாம். சொல்கிறவர் குரலில் பெருமை இருக்கும், அடியில் ஒரு தவிப்பும் இருக்கும். பெருமைப்படுவது நியாயம். கடல் தாண்டிப் போன பிறகும் கூடப் பிறந்தவனை மறக்காத அக்கா கிடைப்பது பெரிய பேறு. தவிப்பைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மனு அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் முடிந்துவிடும் காரியமாகவே நம் குடும்பங்களில் நினைக்கிறார்கள். தம்பி மனைவி, அவர்களுடைய பிள்ளைகள், ஊரில் இருக்கும் தாய் தகப்பன், அங்கே இருக்கும் அத்தான் என்று அத்தனை பேருடைய இருபது ஆண்டு வாழ்க்கையையும் அது தொடுகிறது. போடுவதற்கு முன்னாலேயே இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. அண்ணன் போய்த் தம்பியை அழைப்பது தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினால் பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர். முதலில் போனவர் கடையில் காலூன்றியதும் அடுத்த தம்பிக்குக் கப்பல் சீட்டு வரும். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளும் தங்கள் ஊர், தங்கள் உறவு என்றுதான் சேர்த்தார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறகு வளைகுடா வந்தது. அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் குடியுரிமை என்ற பேச்சுக்கே பொதுவாக இடமில்லை. வேலை முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கூடப் பிறந்தவரை, அவருடைய மனைவி அல்லது கணவரோடும் பிள்ளைகளோடும், நிரந்தரமாக வந்து குடியேற அழைக்கலாம் என்று சட்டத்தில் தனிப் பிரிவு எழுதி வைத்திருக்கும் பெரிய நாடு அமெரிக்காதான். கனடாவில் குடும்பப் பிரிவில் உடன்பிறந்தவர் என்றால், தாய் தந்தை இல்லாத, 18 வயது நிரம்பாத, திருமணமாகாத பிள்ளைக்குத்தான் பொதுவாக வழி. படிப்பையும் வேலையையும் வைத்து விண்ணப்பிக்கிறவருக்குக் கனடாவில் அண்ணனோ அக்காவோ இருந்தால் 15 புள்ளி கூடுதல், அவ்வளவுதான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்களுக்காகக் கனடா அரசு சிறப்பு ஏற்பாடு செய்து உறவினர்களை ஏற்றுக்கொண்டது. அது ஆபத்துக் காலத்துக் கருணை, எல்லோருக்குமான விதி இல்லை.

அமெரிக்கா இந்தப் பிரிவை எழுதிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். 1917ல் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்த நாடு அது. 1946ல் லூஸ்–செல்லர் சட்டம் வந்து இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம் கொடுத்தது. ஆயிரம் இல்லை, நூறு. குடியுரிமை பெறும் உரிமையையும் அதே சட்டம்தான் கொடுத்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவரான தலிப் சிங் சௌந்த் 1949ல் குடியுரிமை பெற்று, 1956ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். பிறகு 1965 அக்டோபர் 3ஆம் தேதி, சுதந்திரதேவி சிலையின் அடியில் அமர்ந்து லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டை வைத்து இடம் ஒதுக்கும் பழைய முறை ஒழிந்தது. கிழக்கு அரைக்கோளத்துக்கு ஒதுக்கிய 1,70,000 இடங்களில் 24 சதவீதம் குடிமக்களின் சகோதர சகோதரிகளுக்குப் போனது. எல்லாப் பிரிவுகளிலும் அதுவே பெரிய பங்கு.

அரசு முதலில் படிப்புக்கும் திறமைக்கும்தான் முதலிடம் தர நினைத்தது. குடும்ப உறவுக்கு முதலிடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஒஹாயோ மாநிலத்து உறுப்பினர் மைக்கேல் ஃபீகன். அண்ணன் தம்பி பாசத்துக்காக மட்டும் அவர் அப்படி நிற்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் ஐரோப்பியர்கள், அவர்களுடைய உறவினர்கள்தான் வருவார்கள், நாட்டின் முகம் மாறாது என்பது கணக்கு. ஆசியர்களுக்கு அங்கே உறவினர்களே குறைவு, ஆகவே அவர்களால் பெரிய பயன் அடைய முடியாது என்று நினைத்தார்கள். 1959ல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலிருந்தும், சென்னையிலும் கிண்டியிலும் இருந்தும் வெளிவந்த மருத்துவர்களும் பொறியாளர்களும் இந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் திறமைப் பிரிவில் போனார்கள், ஐந்தாண்டு கழித்துக் குடியுரிமை பெற்றார்கள், உடனே ஊரில் இருந்த தம்பிக்கும் தங்கைக்கும் மனுப் போட்டார்கள். யாரை வெளியே நிறுத்த எழுதினார்களோ அவர்களுக்கே வாசலைத் திறந்துவிட்ட சட்டம் அது. குஜராத்துப் படேல்கள் நெடுஞ்சாலை மோட்டல் தொழிலில் இவ்வளவு பரவியதற்கும் இந்தப் பிரிவு ஒரு பெரிய காரணம்.

இப்போது நடப்பில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். உடன்பிறந்தோர் பிரிவுக்கு ‘எஃப்-4’ என்று பெயர். மனுப் போடுகிறவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவிக்கும் மணமாகாத பிள்ளைக்கும் போடலாம், தம்பிக்குப் போட முடியாது. ‘ஐ-130’ என்ற படிவம். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் தாளில் 675 டாலர், கணினி வழியில் 625 டாலர். நடைமுறையில் அக்கா செய்வது அவ்வளவுதான். மனு அங்கே போய்ச் சேர்ந்த தேதிக்கு ‘பிரயாரிட்டி டேட்’ என்று பெயர். அந்தத் தேதிதான் வரிசையில் நமக்கு இடம்.

வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. நாம் முறைத்தண்ணீர் பார்த்தவர்கள். அணையில் இந்த ஆண்டுக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கட்டு இருக்கும். அதில் எந்த வாய்க்காலுக்கும் இவ்வளவுக்கு மேல் கிடையாது என்று இன்னொரு கட்டு. எஃப்-4 பிரிவுக்கு உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 65,000 விசா. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. கணக்குப் போட்டால் இந்தியாவுக்குச் சுமார் 4,550. அதுவும் ஆள் கணக்கு. தம்பி, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நான்கு விசா செலவு. நாலு பேர் குடும்பமாகப் பார்த்தால் நூற்று நாற்பது கோடிப் பேர் கொண்ட நாட்டுக்கு ஆண்டுக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குடும்பம். உலகம் முழுவதும் இந்தப் பிரிவில் காத்திருப்போர் இருபது லட்சத்துக்கும் மேல். மாதாமாதம் வரும் ‘விசா புல்லட்டின்’ அறிவிப்பில், 2025ஆம் ஆண்டுக் கடைசியில் இந்தியாவுக்கு எஃப்-4 தேதி 2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நின்றது. பத்தொன்பது வருஷம். மெக்சிகோவுக்கு இன்னும் பின்னால், 2001ல். ‘ரெண்டு மூணு வருஷத்துல வந்துடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்றைக்குப் போடுகிறவர்கள் இருபது ஆண்டுக்குக் குறையாது என்று எடுத்துக்கொண்டு குடும்பக் கணக்கைப் போடுவது நல்லது.

அடுத்தது என் தொழில். ஒரே தாய் அல்லது ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். ஊரே அறிந்த அக்கா தம்பிதான், ஆனால் தாளில் நிரூபிக்கப் போகும்போதுதான் தலை சுற்றும். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அக்கா அம்மாவின் ஊரில் பிறந்திருப்பார், தம்பி மன்னார்குடி ஆஸ்பத்திரியில். இரண்டும் இரண்டு பதிவேடு. 1969ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்த பிறகும் கிராமத்தில் வீட்டில் நடந்த பிரசவம் பல பதிவாகவே இல்லை. பதிவானதிலும் ‘பெண்’ என்று மட்டும் இருக்கும், பெயர்ப் பகுதி காலி. தாயார் பெயருக்கு எதிரே, பள்ளிச் சான்றிதழில் உள்ள முழுப்பெயருக்குப் பதிலாக ‘பாப்பா’ என்றோ ‘குஞ்சம்மாள்’ என்றோ வீட்டில் கூப்பிட்ட பெயரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். தகப்பனார் பெயர் ஒருவர் சான்றிதழில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தில் முடியும், இன்னொருவருடையதில் ‘ஐ’ எழுத்தில். அக்காவின் இனிஷியல் கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருக்கும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் அத்தானுடைய பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும்.

ஊரே மாவட்டம் மாறியிருக்கிறது. இந்த மன்னார்குடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 ஜனவரி முதல் திருவாரூர். 1965ல் பிறந்தவருக்கு இன்றைக்குச் சான்றிதழ் எடுத்தால் திருவாரூர் மாவட்டம் என்று இருக்கும், அவருடைய பழைய பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் என்று இருக்கும். தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு இரண்டும் இரண்டு ஊராகத் தெரியலாம். ஒரு சின்ன விளக்கக் கடிதம், மாவட்டப் பிரிவினை அரசாணையின் நகல், இவற்றை மனுவோடு சேர்த்து வைத்தால் போதும். பிறப்புப் பதிவு இல்லாவிட்டால், பதிவு இல்லை என்ற சான்றிதழை முறைப்படி வாங்கி, பள்ளிப் பதிவேட்டு நகலும், விஷயம் நேரில் தெரிந்த பெரியவர்களின் அபிடவிட்டும் இணைக்கலாம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு 2023 திருத்தத்துக்குப் பிறகு கோட்டாட்சியர் நிலையிலேயே உத்தரவு வாங்கலாம். அந்த அபிடவிட்டில் கையெழுத்துப் போட வேண்டிய அத்தையும் பெரியம்மாவும் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். இருபது வருஷம் கழித்து இருப்பார்களா? அதனால்தான் சொல்கிறேன், தேதி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காகித வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். நமக்குப் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அண்ணன் தம்பிதான், ஒரே முற்றத்தில் வளர்ந்திருப்பார்கள். அமெரிக்கச் சட்டம் அதை ஏற்காது. மூத்த தாரத்துப் பிள்ளைக்கும் இளைய தாரத்துப் பிள்ளைக்கும் தகப்பன் ஒருவரே என்பதால் உறவு உண்டு, ஆனால் தகப்பனாரின் இரண்டு திருமணங்களுக்கும் ஆவணம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009 நவம்பரில்தான். ஐம்பதுகளில் நடந்த கல்யாணத்துக்கு இப்போது எங்கே போய் ஆவணம் தேடுவது? இதில் நல்ல வழக்கறிஞரைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. சின்ன வயதில் சட்டப்படி தத்துப் போன பிள்ளைக்கும் அதே எச்சரிக்கை.

இனி நான் முக்கியமாகப் பேச வந்ததற்கு வருகிறேன்.

பாமணி ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். கணவருக்குக் கூட்டுறவுத் துறையில் வேலை, மனைவி பள்ளி ஆசிரியை. கணவருடைய அக்கா போட்ட மனுவுக்கு முறை வந்துவிட்டது என்று கடிதம் வந்ததும் காகிதங்களைப் பார்க்கச் சொல்லி இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேசை மேல் கட்டைப் பிரித்து வைத்தேன். அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மனுவின் நகலில் ஓர் இடத்தில் அவருடைய பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. பெயரில் ஓர் எழுத்துத் தப்பு. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: “இதுல என் கையெழுத்து எங்க சார் இருக்கு?”

தேடிப் பார்த்தேன். இல்லை. இருக்கவும் இருக்காது. ஐ-130ல் கையெழுத்துப் போடுகிறவர் மனுதாரர் மட்டும்தான். தம்பியின் கையெழுத்தே தேவையில்லை, தம்பி மனைவியின் கையெழுத்தை யார் கேட்கப் போகிறார்கள்? அவர் முதல் தடவையாகக் கையெழுத்துப் போடுவது, முறை வந்த பிறகு நிரப்பும் விசா விண்ணப்பத்தில்தான்.

கணவர் மெல்லச் சொன்னார், “அக்கா நம்ம நல்லதுக்குத்தானே பண்ணுச்சு.”

“நல்லதுக்குத்தாங்க. நான் இல்லேங்கலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. எங்கம்மா படுக்கையில இருக்காங்க.”

அவர்கள் கடைசியில் போனார்கள். அந்த அம்மா விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாத்தனாரோடு தானே போனில் மனம் விட்டுப் பேசி, தாயாருக்கு ஏற்பாடு செய்து, ஒப்புக்கொண்டுதான் போனார். ஆனால் அந்த ஒப்புதலை அவரிடம் கேட்டது பத்தொன்பதாம் வருஷத்தில். மனுப் போட்ட அன்றைக்கே கேட்டிருந்தால், வேலையையும் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் அவர் வேறு மாதிரித் திட்டமிட்டிருப்பார். சட்டம் மனைவியை, அல்லது கணவரை, துணைப் பயனாளி என்றுதான் வைத்திருக்கிறது. மனுவுக்குப் பின்னால் கல்யாணம் நடந்தாலும் சேர்த்துக்கொள்ளும். இடையில் விவாகரத்து நடந்தால் அந்தத் துணைக்கும், உடன்பிறந்தவர் இறந்துவிட்டால் இங்கே இருக்கும் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மனுவில் எந்த உரிமையும் மிஞ்சாது. சட்டம் அப்படிப் பார்க்கிறது என்பதற்காகக் குடும்பமும் அப்படிப் பார்க்க வேண்டுமா?

அந்தப் பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார், அத்தான். முறை வரும்போது ஆதரவுப் பத்திரம் ஒன்றில் அக்கா கையெழுத்துப் போட வேண்டும், ‘ஐ-864’. வருகிறவர்களை அரசின் உதவிக்குத் தள்ளாமல் காப்பாற்றுவேன் என்ற சட்டப்படியான வாக்கு அது. வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்ட வேண்டும். அங்கே நாலு பேர், இங்கிருந்து நாலு பேர் என்றால் 2025 கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 67,700 டாலர். அக்காவின் சம்பளம் போதாவிட்டால் அத்தானுடைய வருமானத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும், அவரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி குடியுரிமை பெறும் வரையோ, சுமார் பத்தாண்டு உழைப்புக் கணக்கில் ஏறும் வரையோ அந்தப் பொறுப்பு தீராது. இருபது வருஷத்துக்கு முன்னால் மனுப் போட்டபோது அக்காவுக்கு நாற்பது வயது, முறை வரும்போது அறுபது. ஓய்வு பெறும் வயதில் இந்தப் பொறுப்பை ஏற்க முடியுமா என்று அத்தானிடம் முன்கூட்டியே கேட்பதுதான் மரியாதை.

பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கடினமானது. பிள்ளைக்கு 21 வயது ஆவதற்குள் முறை வர வேண்டும், திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. ‘ஏஜ் அவுட்’ என்று சொல்வார்களே, அது இதுதான். 2002ல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டியது. மனு அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்தில் முடிவெடுக்கப்படாமல் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 2003 ஜனவரியில் பிறந்த பையன். 2006 அக்டோபரில் மனு. 2025 செப்டம்பரில் முறை வருகிறது, வயது 22 ஆண்டு 8 மாதம். மனு ஐந்தாண்டு கிடந்து அங்கீகாரம் ஆகியிருந்தால் கழித்துப் பார்க்க 17 வயது 8 மாதம், அப்பா அம்மாவோடு போகலாம். ஓராண்டிலேயே அங்கீகாரம் ஆகியிருந்தால் 21 வயது 8 மாதம், போக முடியாது. சீக்கிரம் முடிந்த மனுவின் பிள்ளை நிற்கிறான், தாமதமான மனுவின் பிள்ளை போகிறான். அங்கீகாரக் கடிதம் சீக்கிரம் வந்துவிட்டது என்று பால் பாயசம் வைத்துக் கொண்டாடிய வீட்டில்தான் பின்னால் அழுகை.

விடுபட்ட பிள்ளைகளுக்குப் பழைய தேதியையாவது கொடுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. எல் சால்வடார் நாட்டிலிருந்து போன ஒரு தாய் தொடுத்த வழக்கில், 2014 ஜூனில், கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று. அதாவது, அப்பா அம்மா போய் கிரீன் கார்டு வாங்கிய பிறகு மகனுக்குப் புது மனுப் போட வேண்டும். அந்தப் பிரிவில் இப்போது சுமார் ஒன்பது வருஷம். அதற்குள் பையன் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனு செல்லாது. 23 வயதுப் பிள்ளையிடம் முப்பது முப்பத்திரண்டு வரை கல்யாணத்தைத் தள்ளிப் போடு என்று சொல்லும் நிலைக்குப் பெற்றோர் வருகிறார்கள். மூத்தவன் இங்கே, இளையவள் அங்கே என்று வீடு இரண்டாகிறது. அண்ணனையும் தங்கையையும் சேர்த்து வைக்கப் போட்ட மனு, அடுத்த தலைமுறை அண்ணனையும் தங்கையையும் பிரித்துவிடுகிறது. என் மனதை மிகவும் அறுக்கும் விஷயம் இது. தேதியை எதிர்பார்த்துப் பிள்ளைகளை இங்கே நல்ல படிப்பில் சேர்க்காமல் அரை மனதோடு வைத்திருக்காதீர்கள் என்று பெற்றோரைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கு இந்த மனுவில் இடம் இல்லை என்றே வைத்துக்கொண்டு வளருங்கள். கிடைத்தால் நல்லது.

தாய்மாமன் முறை நமக்கு எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும், சடங்குக்கு மாமன் சீர் வேண்டும், கல்யாண மேடையில் மாமன் நிற்க வேண்டும். நியூஜெர்சியில் அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று தம்பி சுற்றுலா விசாவுக்குப் போனால், உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா என்று விண்ணப்பத்திலேயே கேள்வி இருக்கிறது. ஆம் என்றுதான் எழுத வேண்டும். மறைத்து எழுதினால், பொய்த் தகவல் கொடுத்தவர் என்று நிரந்தரத் தடையே விழலாம். உண்மையை எழுதினாலோ, போனவர் திரும்பி வருவாரா என்று அதிகாரிக்குச் சந்தேகம். எல்லோருக்கும் மறுப்பதில்லை, ஆனால் மறுக்கப்பட்டவர்கள் உண்டு. இருபது வருஷத்துக்கு அப்புறம் வரப்போகும் விசாவுக்காக, அந்த இருபது வருஷத்துக்குள் வரும் நல்லது கெட்டதுக்கெல்லாம் போக முடியாமல் ஆகலாம். மனுப் போடுவதற்கு முன் அக்காவும் தம்பியும் இதை ஒரு தரமாவது பேசியிருக்கிறார்களா?

போகும் வயதையும் யோசியுங்கள். 56, 57 வயதில் போகிறவருக்கு அங்கே அரசு ஓய்வூதியம் கிடைக்கப் பத்தாண்டு உழைப்பு வேண்டும். அதில்லாமல் 65 வயதில் பணம் கட்டி மெடிகேர் காப்பீட்டில் சேரலாம் என்றாலும், அதற்கு முன் ஐந்தாண்டு தொடர்ந்து அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இங்கே கட்டிய வருங்கால வைப்பு நிதியை அங்கத்திய கணக்கோடு சேர்க்க இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இல்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு வேறு இருக்கிறது. தவறு. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி, இங்கே குடியிருந்தபோது வாங்கிய நஞ்சையையும், பரம்பரையாக வந்த நஞ்சையையும் வெளிநாட்டில் குடியேறிய பிறகும் வைத்திருக்கலாம். போன பிறகு புதிதாக விவசாய நிலம் வாங்கத்தான் தடை. அவசரத்தில் அரை விலைக்கு மா மாவாக விற்றுவிட்டுப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், சம்பா அறுவடைக்கு வந்து ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்பும் வேண்டாம். அனுமதி வாங்காமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு போய்விடும்.

இந்தப் பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் வெகு காலமாக இருக்கிறது. பார்பரா ஜோர்டன் தலைமையிலான குழு 1995ல் அப்படிப் பரிந்துரைத்தது. 2013 ஜூனில் 68க்கு 32 என்று செனட் நிறைவேற்றிய மசோதாவிலும் இந்தப் பிரிவு நீக்கப்பட்டிருந்தது, கீழவை அதை எடுத்துக்கொள்ளவில்லை. 2017ல் மறுபடியும் முயன்றார்கள். கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள் இவ்வளவுதான் குடும்பம், மற்றவர்கள் எல்லாம் சங்கிலித் தொடர் என்பது அவர்கள் வாதம். நான் அதை ஏற்கவில்லை. தகப்பன் போன பிறகு தங்கையைக் கட்டிக் கொடுத்த அண்ணன், தம்பி படிக்கத் தன் படிப்பை விட்ட அக்கா, இவர்களைக் குடும்பத்துக்கு வெளியே வைக்கும் கணக்கு நமக்கு ஒப்பாது. வருகிறவர்களுக்கு வீடும் வேலையும் காட்டி, முதல் வருஷத்துக் கஷ்டத்தைத் தோளில் தாங்குகிறவர்கள் உடன்பிறந்தவர்கள்தான், அதனால் அந்த நாட்டுக்கும் நன்மையே. இந்தப் பிரிவு இருக்க வேண்டும், வரிசை குறைய வேண்டும். அது அவர்கள் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நம் வீட்டுக்குள் பேசுவது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் மனுப் போடலாமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில்: போடலாம். ஆனால் அக்கா போன் செய்து ‘போடப் போறேன்’ என்று சொல்லும்போது தம்பி மட்டும் தலையாட்டக் கூடாது. தம்பி மனைவியும் அத்தானும் பேச்சில் இருக்க வேண்டும். இருபது வருஷம், மாமன் சீருக்குப் போக முடியாமல் போகலாம், மூத்த பிள்ளை விடுபடலாம், அம்மாவை யார் பார்ப்பது, இத்தனையும் வாய்விட்டுப் பேசி, அப்படியும் வேண்டும் என்றால் போடுங்கள். முகவரி மாறினால் மறக்காமல் தெரிவியுங்கள். முறை வந்துவிட்டது என்று கடிதம் வந்து ஓராண்டுக்குள் பதில் போடாவிட்டால் மனு ரத்தாகிவிடும். பழைய வீட்டு முகவரிக்குப் போன கடிதத்தால் அத்தனை வருஷக் காத்திருப்பு வீணாகக் கூடாது.

கடைசியாக ஒன்று, யாரும் பேசத் தயங்குவது. மனுதாரர் இடையில் காலமாகிவிட்டால் மனுவும் அதோடு போய்விடும். முன்பே அங்கீகாரம் பெற்ற மனுவாக இருந்தால், மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம். அப்போது அக்காவின் இடத்தில் நின்று ஆதரவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இன்னொரு நெருங்கிய உறவு வேண்டும். அத்தானோ, அங்கே குடியேறிய இன்னொரு அண்ணனோ அக்காவோ போடலாம்; அங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா மகனுக்கும் மகளுக்கும் சட்டம் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. தங்கள் அம்மாவுக்கு ஊரில் இப்படி ஒரு தம்பி இருக்கிறார், அவருக்காக இப்படி ஒரு மனு இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால்தானே, கையெழுத்துப் போட வேண்டியவரிடம் எடுத்துச் சொல்வார்கள்? கோடை விடுமுறைக்கு அவர்கள் மன்னார்குடி வரும்போது, குளத்தையும் கோயிலையும் காட்டிய கையோடு பீரோவைத் திறந்து அந்தத் தாளையும் எடுத்துக் காட்டுங்கள்.